அலை வருகிறது, காத்திருக்கவும்

பக்கீருடைய கடல் பாஸ் 2007ஆம் ஆண்டு மே மாதம் முப்பத்தோராம் திகதியோடு முடிந்தது. அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை முடிகிற சாமான்தான். இறக்கக்கண்டியில் பஸ் ஏறி, வழியில் மூன்று சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து, அடையாள அட்டையைக் காட்டி மறுபடி ஏறி, திருகோணமலை நகரத்தில் இருக்கிற கரையோர அனுமதிச் செயலகத்துக்குப் போனால் போதும். எழுதுவினைஞர் ஆனந்தராசா ஒரு கொப்பியைத் திறந்து பெயரை எழுதி, முத்திரையைக் குத்திப் பாஸைத் தருவார். நான்கு நிமிட வேலை. பாஸ் இல்லாமல் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளினால் என்ன நடக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க இறக்கக்கண்டியில் யாருக்கும் விருப்பம் இல்லை. சோதித்துப் பார்த்த இருவரிடம் முடிவைக் கேட்கவும் வழியில்லை.

ஜூன் முதலாம் திகதி பக்கீர் போனபோது கொப்பியும் இல்லை, முத்திரையும் இல்லை. மேசையில் ஒரு கணினி இருந்தது. அதற்குப் போட்ட மாலை வாடிக் கிடந்தது.

"கொப்பி எங்க தம்பி?" என்று கேட்டார்.

"கொழும்புக்குப் போட்டுது நானா. முத்திரையைச் சுத்தியலால அடிச்சு உடைச்சு, உடைச்சதுக்கு மூண்டு பேர் கையெழுத்தும் வச்சாச்சு. இனி எல்லாம் இதிலதான்" என்று ஆனந்தராசா ஒரு பொத்தானை அமத்தினார்.

திரை முதலில் கறுப்பாக இருந்தது. பிறகு அடியில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. கோடு தடித்தது, உயர்ந்தது, மேல் விளிம்பில் வெள்ளையாக நுரைத்து மடிந்து திரை முழுவதையும் மூடியது. நடுவில் அழகான எழுத்தில் வாசகம் ஒன்று வந்தது: 'அலை வருகிறது. தயவுசெய்து காத்திருக்கவும்.'

பக்கீர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார்.

"இருங்க நானா. அலை எண்டது இயங்குதளத்தின்ர பேர். கணினி கண் முழிக்கேக்க முதல் வாற சாமான் இது. கணினி தமிழில ஓட வேணுமெண்டு கொழும்பில ஒரு திட்டம் செய்து அனுப்பியிருக்கினம்."

"வேற பேர் ஒண்டும் கிடைக்கல்லியா?"

"அதைத்தான் உங்களிட்டக் கேக்கப் போகினமாம்."

அலை வடிந்தது. திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன. ஒன்றில் 'பயனர் பெயர்' என்றிருந்தது. மற்றதில் 'கடவுச்சொல்' என்றிருந்தது. பெயரைக் கேட்கிறார்கள் என்று கண்டதும் பக்கீரின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. அடையாள அட்டையை எடுத்து, படம் தெரிகிற பக்கத்தைத் திருப்பி, இரண்டு கையாலும் திரைக்கு நேரே பிடித்தார். உப்புவெளிச் சாவடியில் பிடிக்கிற அதே உயரத்தில்.

ஆனந்தராசா சிரிக்கவில்லை. முதல் நாள் அவரும் அப்படித்தான் பிடித்தவர்.

கட்டங்களுக்குக் கீழே 'உள்நுழைக' என்று ஒரு பொத்தான் மங்கலாகத் தெரிந்தது. அதை அமத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் சுற்றறிக்கையில் இருந்தது. ஆனந்தராசா வாசித்துக் காட்டினார்: "தொடக்கத் திரையினதும் உள்நுழைவுத் திரையினதும் வடிவமைப்பு, சமூகத்தின் கருத்தறிந்த பின்னரே இறுதியாக்கப்படும். அதுவரை எவரும் உள்நுழைதலாகாது."

"அதுவரைக்கும் பாஸ்?"

"உள்ளுக்குப் போனாத்தான் பாஸ் அடிக்கலாம். உள்ளுக்குப் போக ஏலாது."

"அப்ப இப்பவே என்ட கருத்தைச் சொல்றன். நல்லா இருக்கு. போதுமா?"

"நீங்க சமூகம் இல்லை நானா. நீங்க ஒரு ஆள். சமூகமெண்டா குறைஞ்சது நாப்பது பேர் வேணும். அதில பதினஞ்சு பேர் பெண்கள். இன்னும் ஆள் சேரேல்ல."

பக்கீர் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். அந்தக் கிழமைதான் சூடை மீன் கரைக்கு வந்திருந்தது. மணலில் நின்று பார்த்தாலே தண்ணீர் திட்டுத்திட்டாகக் கறுத்துத் தெரிந்தது. பாஸ் முடியாதவர்கள் விடியற்காலையில் போய், வலை கிழிகிற அளவுக்கு அள்ளிக்கொண்டு வந்தார்கள். பக்கீரின் வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடந்தது. கச்சான் காற்று இருக்கிறவரைக்கும்தான் அந்தக் கரையில் தொழில். செப்டெம்பர் கடைசியில் காற்று மாறி வாடை விழுந்தால், வள்ளம் அடுத்த சித்திரை வரைக்கும் கவிழ்ந்துதான் கிடக்கும்.

"பாஸ் எங்க?" என்று மனைவி பரீதா கேட்டாள்.

"படம் நல்லா இருக்கா எண்டு நாப்பது பேர் சொன்னாத் தருவாங்களாம்."

"என்ன படம்?"

"கடல் ஏறி வாற படம்."

பரீதா அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இந்த வெயிலுக்குள்ள தொப்பியில்லாமப் போகாதீங்க எண்டு எத்தினை தரம் சொல்லுற" என்றுவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

மறுநாள் தொடக்கம் பக்கீர் ஊரில் சமூகம் சேர்த்தார். வீடு வீடாகப் போனார். கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் போதும், கருத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொன்னார். மூன்று கிழமையில் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். பெண்கள் பதினாறு. அதில் ஒன்று கூடுதலாக இருந்ததை ஆனந்தராசா மனமாரப் பாராட்டினார்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து திட்டப் பணிப்பாளர் சிவகுருநாதன் ஜெனரேட்டரோடு வந்தார். சுவரில் வெள்ளைச் சீலை கட்டினார்கள். சிவகுருநாதன் நல்ல மனிதர். வந்தவர்கள் எல்லோருக்கும் சோடா கொடுக்கச் சொன்னார். பிறகு பேசினார்.

"அன்பார்ந்த பயனாளிகளே, ஒரு இயங்குதளம் மேலிருந்து கீழே திணிக்கப்படக் கூடாது என்பது எமது கொள்கை. அது கீழிருந்து மேலே எழ வேண்டும். ஆகையால் நாம் மேலே அதை முற்றாகச் செய்து முடித்துவிட்டு, உங்களிடம் கீழே கொண்டு வந்திருக்கிறோம். இதற்குப் பெயர் வைப்பதற்கு மட்டும் ஏழு மாதம் ஆராய்ந்தோம். கரையோர மக்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்த சொல் எது? அவர்களுடைய வீடு, தொழில், குடும்பம் அனைத்தையும் தொட்ட சொல் எது? புள்ளிவிபரங்களைப் பார்த்தோம். சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை."

கைகாட்டினார். சீலையில் படம் விழுந்தது.

ஆனந்தராசாவின் மேசையில் அந்த அலை ஒரு சாண் உயரம். பள்ளிக்கூடச் சுவரில் அது எட்டு அடி. அடியில் நீலக் கோடு தடிக்கத் தொடங்கியபோதே மண்டபம் அமைதியாகிவிட்டது. அலை பாதிக்கு வந்ததும் நாற்பத்தொரு பேரும் எழுந்துவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. முன் வரிசையில் இருந்தவள் நஜ்முன் நிஸா. சுனாமியில் கடல் ஏறிய அன்று இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவள். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சீலையைத் திரும்பிப் பார்க்காமல் பின்கதவால் நடந்தாள். பெண்கள் அவள் பின்னால் போனார்கள். ஆண்கள் பெண்கள் பின்னால் போனார்கள். வாசகம் தெரிகிறபோது அதை வாசிக்க மண்டபத்தில் பணிப்பாளரும் ஆனந்தராசாவும் மட்டும்தான் இருந்தார்கள்.

பக்கீரும் போய்விட்டார். பெருவீதிக்கு ஏறி மேற்குப் பக்கம் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் பாஸ் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தார். சிவகுருநாதன் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

"பங்குபற்றியோர் அனைவரும் எழுந்து நின்று தமது கருத்தை வெளிப்படுத்தினர்" என்று சத்தமாகச் சொல்லி எழுதினார். "இதில் பெண்களே முன்னின்றமை குறிப்பிடத்தக்கது."

"சேர், அவங்க வெளியில போயிட்டாங்க" என்றார் பக்கீர்.

"அதுவும் எழுதியிருக்கிறேன். செய்தியை ஊருக்குள் கொண்டு சென்றனர்."

"சேர், அந்த அலையை மட்டும் எடுத்துட்டாப் போதும்."

சிவகுருநாதன் பேனையை வைத்துவிட்டு எழுந்து பக்கீரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதுதான். இதற்காகத்தான் கொழும்பிலிருந்து வந்தோம். நீங்கள் கருத்துச் சொல்லும் சமூகம். இனி அந்த இடத்தில் என்ன வைப்பது என்பதை ஒரு குழு பார்த்துக்கொள்ளும்."

குழு ஜூலை முழுவதும் பார்த்தது. பக்கீர் கிழமைக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து, கூட்ட அறிக்கையை ஆனந்தராசா வாசிக்கக் கேட்டுவிட்டுப் போனார். முதலில் துறைமுகத்தின் படத்தை வைக்கலாம் என்றார்கள். துறைமுகத்தைப் படம் எடுப்பது குற்றம் என்று பதில் வந்தது. வெளிச்சவீட்டைக் கேட்டார்கள். அதற்கும் அதே பதில்தான். ஒரு தென்னை மரத்தை வைத்தார்கள். எந்த இடத்தில் நின்று எடுத்தது, மரத்துக்குப் பின்னால் இருப்பது என்ன என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கடைசியில் படமே வேண்டாம், நிறம் மட்டும் போதும் என்று முடிவானது.

"நிறம் எண்டா லேசுதானே" என்றார் பக்கீர்.

"கேளுங்க நானா. சிவப்பு ஆகாதாம். மஞ்சளும் ஆகாதாம். இரண்டும் பக்கத்தில பக்கத்தில இருந்தா கொடியெண்டு ஆக்களைத்தான் பிடிப்பினமாம். பச்சை உங்கட ஆக்களுக்கு எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். காவி எங்களுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. வெள்ளை செத்த வீடு. நீலம் வச்சா உங்கட ஊர் திரும்பவும் எழும்பிப் போயிடும் எண்டு பணிப்பாளரே எழுதிப்போட்டார்."

சாம்பல் நிறத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே சாம்பல் நிறம் ஏகமனதாகத் தெரிவானது. கணினி பழுதானாலும் திரை அந்த நிறத்துக்குத்தான் வரும். வித்தியாசம் தெரிய மூலையில் ஒரு புள்ளி வைத்தார்கள்.

"இனிப் பாஸ் அடிக்கலாமா?"

"தொடக்கத் திரை முடிஞ்சுது. உள்நுழைவுத் திரை கிடக்கு. அதுக்குப் படிவம்."

படிவத்தில் இருபத்தேழு கேள்விகள். ஊரில் நாற்பத்தொரு பேருக்கும் கொடுத்தார்கள். பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து என்று அடியில் இருப்பதைக் கண்டு முப்பது பேர் அதை அடுப்புக்குள் வைத்தார்கள். மிச்சப் பேர் எல்லாக் கேள்விக்கும் 'நல்லது' என்று எழுதிப் பெயரை எழுதாமல் விட்டார்கள். ஒரு படிவமாவது முழுதாக நிரம்பினால்தான் திட்டம் முடியும் என்று ஆனந்தராசா சொன்னார். சூடை அப்போது வெளிக்கடலுக்கு விலகத் தொடங்கியிருந்தது. பக்கீர் பரீதாவின் முன்னால் பாயில் இருந்து, ஒரு பகல் முழுவதும் செலவழித்து, எட்டாம் வகுப்பு எழுத்தில் இருபத்தேழு கேள்விக்கும் உண்மையான பதில் எழுதினார்.

'பயனர்கள் எத்தனை பேர்?' என்றிருந்தது. வள்ளத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, 'நானும் மச்சான் கலீலுர் றஹ்மானும்' என்று எழுதினார்.

'தாங்கள் எவ்வாறு உள்நுழைய விரும்புகிறீர்கள்?' என்றிருந்தது. 'கடல் வழியாக. சுபஹுத் தொழுதுவிட்டு, நிலம் வெளிக்க முன்னம்.'

'உள்நுழையும் முயற்சி தோல்வியடைந்தால்?' 'காற்று மாறும்வரை பொறுத்திருந்து திரும்பவும் போவோம்.'

'தங்கள் நினைவில் என்றும் நிற்கக்கூடிய கடவுச்சொல் ஒன்றைத் தருக.' அதை அவர் கடவுள் சொல் என்று வாசித்தார். அரசாங்கப் படிவத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறார்களே என்று மனம் குளிர்ந்துபோனது. வள்ளத்தைத் தள்ளுகிறபோது சொல்கிற சொல்லையே எழுதினார். 'பிஸ்மில்லாஹ்.'

படிவம் கொழும்புக்குப் போனது. அங்கே மூன்று மொழிகளிலும் கோப்பு இருக்க வேண்டும் என்பதால் மொழிபெயர்த்தார்கள். மொழிபெயர்த்தவர் பல வருடமாகப் பாதுகாப்புச் செய்திகளை மொழிபெயர்த்து வந்தவர். உள்நுழைதல் என்ற சொல்லுக்கு அவர் கையில் ஒரு சொல்தான் இருந்தது. ஊடுருவல்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு காலையில் ஜீப் வந்து பக்கீரை இராணுவ முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனது. அதிகாரி மரியாதையாகக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

"நீங்கள் இரண்டு பேர், கடல் வழியாக, இருட்டில் ஊடுருவ விரும்புவதாக எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள்."

"ஓம் சேர். விருப்பம்தான். பாஸ் இல்லாததாலதான் போகல்ல."

அதிகாரிக்கு அதைச் சொன்னார்கள். அவர் எழுத எடுத்த பேனையை நிறுத்தினார். அனுமதி பெற்று ஊடுருவக் காத்திருக்கிற ஒருவரை அவர் தம்முடைய சேவையில் கண்டதில்லை.

"தோல்வியடைந்தால் திரும்பவும் போவோம் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"காத்து மாறினாத்தான் சேர்."

"காத்து என்கிறவர் யார்?"

பக்கீர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கோப்பைப் பார்த்தார்.

"காத்து சேர். வீசுற காத்து."

"அவர் எங்கே இருக்கிறார்?"

"இப்ப தெற்கில இருந்து வாறார். அடுத்த மாசம் வடக்கால வருவார்."

அது எழுதப்பட்டது. எழுதி முடிந்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று பக்கீருக்கே விளங்கியது. வாயைத் திறந்து திருத்தப் போனார். திருத்தினால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும் என்று நினைத்து மூடிக்கொண்டார்.

"இரகசியச் சொல் யார் யாருக்குத் தெரியும்?"

பக்கீர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "ஊரில எல்லாருக்கும் தெரியும் சேர். சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும்."

நான்கு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். பரீதா ஒவ்வொரு நாளும் முகாம் வாசலில் வந்து நின்றாள். நான்காம் நாள் சிவகுருநாதன் கொழும்பிலிருந்து கடிதத்தோடு வந்து, உள்நுழைதல் என்பது என்ன என்று அதிகாரிக்கு ஒன்றரை மணித்தியாலம் விளக்கினார். அதிகாரி கேட்டுக் களைத்துப்போய் பக்கீரை விட்டுவிட்டார்.

வாசலில் சிவகுருநாதன் பக்கீரின் தோளில் கையைப் போட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"மாவட்டத்திலேயே முழுமையாக நிரப்பப்பட்ட படிவம் உங்களுடையது ஒன்றுதான். அதை வைத்துத்தான் முழுத் திட்டத்தையும் முடித்திருக்கிறோம். ஒரே ஒரு குறை. கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லக் கூடாது. நீங்கள் படையினரிடமே சொல்லிவிட்டீர்கள். இனி அது பாதுகாப்பானது அல்ல. நீங்கள் அதை மாற்ற வேண்டும்."

"அதை மாத்த ஏலாது சேர்" என்றார் பக்கீர்.

பரீதா அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிக்கொண்டே நடந்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகு, "இனி எழுதச் சொன்னா எனக்குக் கண் தெரியாது எண்டு சொல்லுங்க" என்றாள்.

திறப்பு விழா செப்டெம்பர் பத்தாம் திகதி செயலகத்தில் நடந்தது. கச்சான் முடிய இன்னும் இரண்டு கிழமை இருந்தது. சூடை போய்விட்டாலும் பாரை மீனுக்கு அது போதும் என்று பக்கீர் கணக்குப் பார்த்திருந்தார். கணினிக்குப் புது மாலை போட்டு, நாடா கட்டியிருந்தார்கள். பக்கீரை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, சிவகுருநாதன் பேசினார்.

"இந்த இயங்குதளம் யாருக்காக? இதோ நிற்கிறாரே, இந்த எளிய மனிதருக்காக. இவருடைய கருத்தைக் கேட்பதற்காக இவரை நாம் மூன்று மாதம் தொழிலுக்குப் போகவிடாமல் பார்த்துக்கொண்டோம். அப்படிப்பட்ட அக்கறையை இதற்கு முன் எவரும் காட்டியதில்லை. நண்பர்களே, ஒரு மகிழ்ச்சியான செய்தி. இவர் எமது முதற் பயனர். இவருடைய படிவத்தையே மாதிரியாக வைத்து, கொழும்பிலுள்ள பிரதான கணினியில் கடந்த மாதமே இவரை உள்நுழைத்துவிட்டோம். இவருக்கே தெரியாமல் இவர் உள்ளே போய்விட்டார். தொழில்நுட்பம் என்பது அதுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். பக்கீரும் தட்டினார். விருந்தினர் சாப்பிட்டுவிட்டு வாகனங்களில் ஏறிக் கொழும்புக்குப் போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் பக்கீர் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஆனந்தராசாவின் முன்னால் இருந்தார். திரை சாம்பல் நிறத்தில் வந்தது. மூலையில் புள்ளி இருந்தது. ஆனந்தராசா அமத்த, 'உள்நுழைக' பொத்தான் முதல் தடவையாக வேலை செய்தது. பக்கீரின் பெயரை அடித்தார். ஊரை அடித்தார். வள்ளத்தின் எண்ணை அடித்தார். கடைசிப் பொத்தானை அமத்திவிட்டு அச்சு இயந்திரத்தைப் பார்த்தார்.

அச்சு இயந்திரம் அசையவில்லை. திரையில் எழுத்து வந்தது.

'இப்பெயருடைய பயனர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். அவர் வெளியேறிய பின்னர் முயற்சி செய்க.'

ஆனந்தராசா இரண்டு தரம் வாசித்தார். திட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். திட்டம் இன்றைய விழாவோடு நிறைவடைந்துவிட்டது, கதிரை மேசைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அங்கே ஒரு குரல் சொன்னது. பிரதான கணினி எங்கே என்று கேட்டார். அதையும் ஏற்றியாகிவிட்டதாம்.

"என்னவாம் தம்பி?"

"நீங்க வெளியேறினாத்தானாம் நானா."

பக்கீர் எழுந்து, கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சுற்றி வந்து யன்னலுக்கு வெளியே நின்றார்.

"வெளியேறிட்டன் தம்பி. இப்ப பாருங்க."

ஆனந்தராசாவுக்கு வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. திரும்பவும் பொத்தானை அமத்தினார். அதே வாசகம்தான் வந்தது.

"இன்னும் உள்ளதான் நிக்கிறீங்க நானா" என்றார்.

பக்கீர் தலையாட்டினார். வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து, மதிலோரமாக இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அங்கிருந்து பேசினால் கேட்காது. கையை உயர்த்திக் காட்டினார்.